வாப்பாவின் இடது கையும் கடன் கொப்பியும்

கொள்முதல், கையிருப்பு, கடன் வசூல் என்று எழுதிப் பழகிய பத்தி இது. இம்முறை ஒரு நோயைப் பற்றி எழுதுகிறேன். நமது ஊர்க் கடைகளில் லாச்சிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மூத்தவர்களில் பிரஷரும் சீனி வியாதியும் இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு காலைப் பொழுதில் அந்தக் கதிரை வெறுமையானால் கடைக்கு என்ன நடக்கும் என்பது வியாபார விடயம்தானே.

எனது வாப்பாவுக்கு 2022 பெப்ரவரியில் பாரிசவாதம் வந்தது. அப்போது அவருக்கு வயது 69. அக்குறணையில் நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பிடவைக் கடை நடத்தியவர். சுபஹுக்கு எழும்பியவர், இடது காலில் செருப்பு நிற்குதில்லை என்றார். நாங்கள் வாய்வு என்று நினைத்து இஞ்சி போட்ட பிளேன்டி கொடுத்தோம். சற்று நேரத்தில் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அதன் பின்னரும் யாரைக் கேட்பது, எங்கே கொண்டு போவது என்று பேசிப் பேசி, வாகனம் பிடித்து வைத்தியசாலையை அடையும்போது ஆறு மணித்தியாலம் கடந்திருந்தது. மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் நான்கரை மணித்தியாலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த வாய்ப்பை நாங்கள் வீட்டு வாசலிலேயே தொலைத்துவிட்டோம். விழுங்கும் சக்தி குறைந்திருக்கக்கூடிய ஒருவருக்குத் தேநீர் பருக்கியதும் பிழை என்று பின்னர்தான் தெரிந்துகொண்டேன்.

மேலே செல்லுமுன் இதைச் சொல்லிவிடுகிறேன். முகம் கோணினால், ஒரு கை தானாகத் தாழ்ந்தால், பேச்சுக் குழறினால் கூடிப் பேச வேண்டாம். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம்.

வாப்பா உயிர் தப்பினார். இடது கையும் இடது காலும் விழுந்திருந்தன. பேச்சு பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வந்தார். கிழமைக்கு இரண்டு நாள் கண்டிக்குக் கொண்டு சென்று பயிற்சி செய்வித்தோம். பிஸியோதெரபி என்று நாம் சொல்லும் இயன்மருத்துவம் அது. முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகும் வரும், ஆனால் மெதுவாக வரும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மூன்று மாதம் எந்த மாதங்களாக அமைந்தன என்பது வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. ஏப்ரல், மே முழுவதும் எரிபொருள் வரிசை. ஜூன் 26ஆம் திகதி பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபா. மறுநாள் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த மற்றவர்களுக்கு எரிபொருள் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அக்குறணையிலிருந்து கண்டிக்குப் பத்துக் கிலோமீற்றர்தான். நடக்க முடியாத ஒரு மனிதரைக் கொண்டு செல்வதற்கு அந்நாட்களில் அது ஆயிரம் மைலுக்குச் சமம்.

அப்போதுதான் வாப்பாவுக்குப் பயிற்சி கொடுத்த சிங்களச் சகோதரர், “வாட்ஸ்அப்பில் செய்வோம்” என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தொட்டுப் பிடித்துச் செய்யும் வைத்தியத்தைத் தொலைபேசியில் எப்படிச் செய்வது? கொழும்பு மொத்த வியாபாரியிடம் துணியைத் தொட்டுப் பார்க்காமல் ஓடர் கொடுப்பதைப் போலல்லவா இது!

உலகத்தில் என்ன கண்டார்கள்

வியாபாரிகள் கணக்குக் கேட்பவர்கள். ஆகவே இரண்டு கணக்குகளைச் சொல்கிறேன்.

முதலாவது அமெரிக்காவில் 11 இடங்களில் நடந்த ஆய்வு. 2019இல் வெளியானது. பாரிசவாதத்தால் கை பலவீனப்பட்ட 124 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாரார் நிலையத்துக்கு வந்து பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்தே கணினித் திரை வழியாகச் செய்தார்கள். இரு சாராருக்கும் ஒரே அளவு: 70 நிமிடப்படி 36 தடவைகள். அவற்றில் பாதி சிகிச்சையாளர் பார்த்துக்கொண்டிருக்க, மீதி தாங்களாகவே. கையின் இயக்கத்தை 66 புள்ளிகளுக்கு அளக்கும் ஒரு முறை உண்டு. நிலையத்துக்கு வந்தவர்கள் சராசரியாக 8.36 புள்ளிகள் கூடினார்கள். வீட்டில் இருந்தவர்கள் 7.86. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

இரண்டாவது கணக்கு நமக்குக் கிட்டியது. இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1,250 நோயாளரை வைத்துச் செய்து 2017இல் வெளியிட்டார்கள். நோயாளியின் குடும்பத்தவர் ஒருவருக்குப் பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுத்து, வீட்டில் அவரே செய்விக்கட்டும் என்று விட்டார்கள். செலவு குறைந்த, நமது நாடுகளுக்குத் தோதான யோசனை. ஆனால் ஆறு மாதத்தின் பின் பார்த்தபோது அந்தப் பயிற்சி கிடைத்த குடும்பங்களிலும் கிடைக்காத குடும்பங்களிலும் நிலைமை ஒன்றேதான். இரு பக்கமும் 47 சதவீதமானோர் இறந்திருந்தார்கள் அல்லது பிறரில் தங்கியிருந்தார்கள்.

இரண்டும் வெவ்வேறு வகை நோயாளர், வெவ்வேறு வகை அளவீடு. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது முறையல்ல என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லக்கூடும். எனினும் ஒரு கடைக்காரனின் புத்தியில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முதலாவதில் நிறையப் பயிற்சி இருந்தது, தேர்ந்த ஒருவரின் கண்ணும் விடாமல் அதன்மேல் இருந்தது. இரண்டாவதில் வீட்டாரின் நல்ல மனம் இருந்தது. நல்ல மனதை மட்டும் வைத்துக் கடை நடத்தியவர்கள் என்னவானார்கள் என்று நமக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் நடந்தது

ஜூலை முதல் கிழமையில் ஆரம்பித்தோம். திங்களும் வியாழனும் நாற்பது நிமிடம் நேரடியாக வீடியோ அழைப்பு. மற்ற நாட்களில் நாங்களாகச் செய்துவிட்டு, ஒரு நிமிடத் துண்டாக வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அவர் இரவில் பார்த்துவிட்டுக் குரல் பதிவு அனுப்புவார். மின்சாரம் இல்லாத நேரங்களில் இந்த இரண்டாவது முறைதான் கைகொடுத்தது. கட்டணம் கிழமைக் கணக்கில் வங்கிக்குப் போனது. அது அவர் வீட்டுக்கு வந்து செய்வதற்குக் கேட்டிருந்ததில் ஏறத்தாழப் பாதி.

வாங்கிய சாமான்கள் மிகக் குறைவு. தொலைபேசியை நிறுத்த ஒரு தாங்கி, பிரஷர் பார்க்கும் கருவி, இருபக்கமும் கைப்பிடியுள்ள உறுதியான கதிரை. இந்த நாட்களில் ஒருவர் வந்து, கையை வைத்தால் தானாக அசைக்கும் மெஷின் ஒன்றைக் காட்டி, தவணைக்கும் தருவதாகச் சொன்னார். நானும் ஏறக்குறைய சம்மதித்துவிட்டேன். நமது பயிற்றுநர் தடுத்தார். மூளை பழகுவது மனிதர் தானாக முயலும்போதுதான், மெஷின் அசைத்தால் மெஷின்தான் பழகும் என்றார். வந்தவர் இப்போதும் என்னைக் கண்டால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை!

பயிற்சிகளைக் கேட்டால் சிரிப்பீர்கள். கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து எழும்பி நிற்பது. மீண்டும் உட்காருவது. இப்படிப் பத்துத் தடவை, ஓய்வு, மீண்டும் பத்து. கைக்கு வேறு. முதலில் பிளாஸ்ரிக் கோப்பையைத் தள்ளச் சொன்னார். வாப்பாவுக்கு அதில் மனம் செல்லவில்லை. “நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த அழைப்பில் பயிற்றுநர் கேட்டார்: “முதலாளி, கடையில இடது கையால என்ன வேலை செய்வீங்க?” துணி ரோலை அழுத்திப் பிடிப்பது இடது கை, விரிப்பது வலது கை என்று வாப்பா சொன்னார். மறுநாளே கடையிலிருந்து ஒரு பொப்ளின் ரோல் வீட்டு மேசைக்கு வந்தது. அதன் பின் வாப்பாவை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

எண்ணிக்கைதான் இங்கே சரக்கு. அமெரிக்காவிலும் கனடாவிலும் பயிற்சி நிலையங்களுக்குள் இருந்து எண்ணிப் பார்த்து, 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓர் அமர்வில் கைக்குக் கிடைத்த வேலை சார்ந்த அசைவுகள் சராசரியாக 32தான். மிருகங்களில் செய்த பரிசோதனைகளில் மூளை மாறுவதற்கு நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டியிருந்தது. கண்டிக்குப் போய் வரும் அரை நாளில் கிடைக்காத எண்ணிக்கையை வீட்டு மேசையில் எட்டலாம் என்பதுதான் இந்த முறையின் இலாபம். வாகனக் கூலி மிச்சம் என்பது இரண்டாம்பட்சம்.

ஒரு விபத்தையும் எழுத வேண்டும். எங்கள் கடைப் பையன் வாப்பாவை எழுப்பும்போது நோயுற்ற கையைப் பிடித்து இழுப்பான். பாசத்தில் செய்வதுதான். தோள்மூட்டு வீங்கி மூன்று கிழமை இரவில் தூக்கமில்லை. தசை தளர்ந்த தோளில் கையின் பாரமே மூட்டைக் கீழே இழுக்கும், அதில் இழுத்தால் என்னவாகும்? வீடியோவில் அதைப் பார்த்த அன்றே பயிற்றுநர் சத்தம் போட்டார். இடுப்பில் அகலமான பட்டி கட்டி அதைப் பிடித்து எழுப்பக் கற்றுக்கொடுத்தார். பயிற்சியின் போதெல்லாம் பலவீனமான பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்பதும் அவரது நிபந்தனை. ஆள் இல்லையென்றால் அழைப்பைத் துண்டித்துவிடுவார்.

250 ரூபா

இனிச் சொல்லப்போவதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். வாப்பாவே எழுதச் சொன்னார்.

ஓகஸ்ட் ஆரம்பத்தில் அவரைக் கடைக்கு அழைத்துச் சென்று ஒரு மணித்தியாலம் உட்கார வைத்தோம். பழைய வாடிக்கையாளர் ஒருவர் கடன் தீர்க்க வந்தார். வாப்பா கடன் கொப்பியைப் பார்த்து 250 ரூபா என்றார். கொடுக்க வந்தவர் நாணயமான மனிதர். “இல்ல ஹாஜியார், 1,250” என்றார். வாப்பா மீண்டும் பார்த்து 250 என்றே வாதிட்டார். அன்று இரவு தோஹாவில் இருக்கும் எனது நானாவுக்கு இதைச் சொன்னேன். “வாப்பாட தல சரியில்ல. நல்லா இருக்கும்போதே அற்றோணித் தத்துவம் எழுதி எடு. வங்கிக் கணக்கையும் மாத்து” என்றார். எனக்கும் அதுவே சரியாகப்பட்டது. நொத்தாரிசுடன் பேசி நாளும் குறித்தாகிவிட்டது. வாப்பாவுக்குச் சொல்லவில்லை.

அதே கிழமை வியாழக்கிழமை அழைப்பில், தொலைபேசியை வாப்பாவின் இடது பக்கமாக வைக்கச் சொன்னார் பயிற்றுநர். வாப்பா வலது பக்கத்தில் தேடினார். பயிற்றுநர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இன்னைக்குப் பகல் சாப்பிட்ட பீங்கான் இருக்கா?” என்றார். எனது தங்கச்சி ஓடிப் போய் எடுத்து வந்து காட்டினாள். வலது பாதி துடைத்தாற்போல் இருந்தது. இடது பாதியில் சோறும் பருப்பும் அப்படியே. மாதக்கணக்கில் நாங்கள் அதை அருசி இல்லை என்றும் அடம் என்றும் நினைத்திருந்தோம். கடன் கொப்பிச் சம்பவத்தை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். ஆயிரத்தைக் குறிக்கும் ‘1’ எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். இடது பக்கம்!

மூளையின் வலது பாதி அடிபட்டவர்களில் பலருக்கு இது வருமாம். கண் பார்வை குறைவதனால் அல்ல. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுப்பதில்லை. புத்தி மங்குவதும் இதுவும் ஒன்றல்ல. உடனே வைத்தியரிடம் காட்டும்படி பயிற்றுநர் வற்புறுத்தினார். கியூஆர் அட்டையில் கிடைத்த கோட்டா பெற்றோலை ஊற்றிக்கொண்டு போய்க் காட்டினோம். கண்ணிலும் கோளாறில்லை, ஞாபகமும் தீர்மானிக்கும் சக்தியும் நன்றாக இருக்கின்றன, இடது பக்கக் கவனம்தான் குறைவு என்று உறுதிப்படுத்தினார்கள்.

மருந்தாகக் கிடைத்தது ஒரு சிவப்புப் பேனை. கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் இடது ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு. அந்தக் கோட்டைக் கண்ணால் தொட்ட பிறகுதான் வாசிக்க ஆரம்பிக்க வேண்டும். பேசுகிறவர்கள் இடது பக்கத்தில் உட்கார வேண்டும். தண்ணீர்க் கோப்பை இடது பக்கத்தில். சாப்பிடும்போது பீங்கானைத் திருப்பி வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். நொத்தாரிசிடம் குறித்த நாளை நான் ரத்துச் செய்தேன். நானா முதலில் கோபித்தார். பிறகு தோஹாவிலிருந்தே வியாழக்கிழமை அழைப்புகளில் சேர்ந்துகொண்டு, வாப்பா ரோல் விரிப்பதை எண்ணுவது தனது வேலை என்று எடுத்துக்கொண்டார்.

கண்டியில் பயிற்சி நிலையத்தின் வெள்ளைச் சுவருக்குள் அந்தப் பீங்கானையும் கடன் கொப்பியையும் யாரும் கண்டிருக்க மாட்டார்கள். தூரத்திலிருந்து பார்ப்பதில் குறைகள் நிறைய உண்டு, தசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தொட்டுப் பார்க்க முடியாது, விழப் போனால் பிடிக்க முடியாது. ஆனால் வீட்டுக்குள்ளேயே வந்து பார்க்கிறது.

பொய்க் கணக்கு

பயிற்சிக்கென்று தனிக் கொப்பி வைத்திருந்தோம். திகதி, பிரஷர், எழும்பி நின்ற எண்ணிக்கை, ரோல் விரித்த எண்ணிக்கை, வலி இருந்ததா, பக்கத்தில் நின்றது யார் என்று ஆறு நிரல்கள். எழுதுவது எனது பொறுப்பு. செப்டெம்பரில் கொழும்பிலிருந்து பேல் வந்து இறங்கிய கிழமை, காலைப் பயிற்சியை நான் நான்கு நாட்கள் தவறவிட்டேன். கொப்பியில் எண்பது, எண்பது என்று எழுதி வைத்தேன். வீடியோவுக்குப் பழையதை அனுப்பினேன். சோம்பல் என்று சொல்வதைவிட வெட்கம் என்பது பொருத்தம். ஒரு மனிதரின் கை போய்விடுமே என்ற எண்ணம் அப்போது வரவில்லை.

திங்கள் அழைப்பில் பயிற்றுநர் சந்தோஷப்பட்டார். “ஹொந்தய் முதலாளி, எண்பது நல்லா செய்றீங்க. இனி உயரம் குறைஞ்ச கதிரையில எழும்புவோம்” என்றார். வாப்பா ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “மகன், அந்தக் கொப்பிய எடு” என்றார். சிவப்புக் கோட்டைத் தேடி, அங்கிருந்து வலப்பக்கமாக வாசித்து, நான் எழுதிய நான்கு நாட்களையும் ஒவ்வொன்றாக வெட்டி, பக்கத்தில் பூச்சியம் போட்டார். “கடன் கொப்பியில இப்பிடி எழுதினா நான் ஒன்னக் கடையில வெச்சிருப்பேனா?” என்று மட்டும் கேட்டார். தொலைபேசியின் மறுபக்கத்தில் சத்தமில்லை. அந்தக் கிழமை குறைந்த கதிரை போடவில்லை. போட்டிருந்தால் விழுந்திருப்பார் என்று பயிற்றுநர் பின்னர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

அடுத்த நாள் முதல் கடையை ஒன்பதுக்குத் திறப்பதற்குப் பதிலாகப் பத்துக்குத் திறந்தேன். காலை வியாபாரம் கொஞ்சம் போனது, உண்மைதான். இந்த முறையில் உள்ள உண்மையான செலவு அதுதான். டேட்டாவோ கட்டணமோ அல்ல, காலையில் முக்கால் மணித்தியாலமும் அஸருக்குப் பின் முக்கால் மணித்தியாலமும். வீட்டில் ஆள் இல்லாதவர்கள், தாய் மட்டும் இருக்கும் வீடுகள், நாள் கூலிக்காரர்கள் இதை எப்படிச் செய்வார்கள் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. பிசியோதெரபி படித்து வேலை தேடும் நமது பிள்ளைகள், பள்ளிவாசல் மண்டபத்திலோ மகளிர் சங்கத்திலோ ஓர் அறையும் ஓர் உதவியாளரும் கிடைத்தால் இதை ஒரு சேவையாக நடத்தலாம். வசதியுள்ள வர்த்தகர்கள் இரண்டொருவர் கூடினால் முடியாத காரியமல்ல.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதல் பரிசோதனை நேரில்தான் நடக்க வேண்டும். தொலைபேசி அதன் பிறகு. பதிவு பெற்ற சிகிச்சையாளரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த அளவுக்கு மேல் பிரஷர் இருந்தால் பயிற்சி செய்யக்கூடாது என்று உங்கள் வைத்தியரிடமே எழுதி வாங்குங்கள். நோயாளி சிரிக்காமல், பேசாமல், எதிலும் மனமில்லாமல் இருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். பாரிசவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கும் சிகிச்சை உண்டு. மருந்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி மட்டும் செய்வதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

வாப்பா இப்போது கிழமைக்கு மூன்று நாள் கடைக்கு வருகிறார். கைத்தடியோடு நடக்கிறார். இடது கை முழுமையாக விரியவில்லை, இனி விரியும் என்றும் யாரும் சொல்லவில்லை. ரோலின்மேல் ஒரு படிக்கல்லைப் போல அதை வைத்துக்கொள்கிறார், வலது கை விரிக்கிறது. கடன் கொப்பிகளை இப்போது வாங்கும்போதே சிவப்புக் கோடு போட்டுத்தான் லாச்சியில் வைக்கிறோம். பயிற்சிக் கொப்பியை எழுதும் வேலை என்னிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அதை வாப்பாவே எழுதுகிறார்.